பிடித்துக்கொண்ட டிராக்டர் எஞ்சின்: பிரித்துச் செய்வதா, வேறு வைப்பதா, வண்டியையே மாற்றுவதா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, வேலந்தாவளத்திலிருந்து கோபாலபுரம் வரை, இருபது வயது தாண்டிய டிராக்டரைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மாஸ்ஸி 1035, மஹிந்திரா 575, ஸ்வராஜ் 735 என்று அப்பா வாங்கிய வண்டியை மகன் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு வண்டியின் எஞ்சின் சுழலாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது என்ற சேதி பரவினால் போதும், மூன்று யோசனைகள் வீடு தேடி வரும். மெக்கானிக் பிரித்துச் செய்துவிடலாம் என்பார். பழைய சாமான் வியாபாரி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒன்று கைவசம் இருக்கிறது என்பார். ஷோரூம்காரர் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளச் சொல்வார். மூவரும் பொய் சொல்வதில்லை. அவரவர் கடையில் இருப்பதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

என் கணக்கில், வண்டியின் வயதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), பிளாக் (எஞ்சினின் உடல்), ஆர்சி புத்தகம் ஆகிய மூன்றும்தான் பதில் சொல்லும். முதல் இரண்டையும் பார்க்க எஞ்சினைத் திறந்தாக வேண்டும். மூன்றாவது பீரோவில் இருக்கிறது. அதை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

உண்மையில் பிடித்திருக்கிறதா என்று உறுதி செய்வது அதற்கும் முந்தைய வேலை. ஸ்டார்ட்டரின் பல், எஞ்சினின் பின்னால் சுழலும் கனச் சக்கரமான பிளைவீலின் பல்லில் சிக்கிக்கொண்டாலும் எஞ்சின் அசையாது. ஸ்டார்ட்டரைக் கழற்றினால் அது தெரிந்துவிடும். அடுத்து டீசலைப் பீச்சும் நாசில்களைக் கழற்ற வேண்டும். மழைக்காலத்தில் சைலன்சர் வாயில் ஒரு கொட்டாங்கச்சிகூடக் கவிழ்க்காமல் நிறுத்திய வண்டியில் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் பிஸ்டன் பாதி வழியில் நின்றுவிடும். நாசில் துளை திறந்த பிறகு கையால் மெல்லச் சுற்றினால் அது பீச்சியடித்து வெளியே வரும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் ஆயில் மாற்றுவதோடு செலவு முடிந்துவிடும். வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தபோது தண்ணீர் புகுந்திருந்தால் கதை வேறு. அப்போது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்.

நின்று துருப்பிடித்த எஞ்சினும், ஓடும்போது பிடித்துக்கொண்ட எஞ்சினும் ஒன்றல்ல. துருவுக்குப் பொறுமைதான் மருந்து. நாசில் துளை வழியே மண்ணெண்ணெயையும் ஆயிலையும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, ஸ்டார்ட்டர் இருந்த ஓட்டை வழியாகக் கடப்பாரையால் பிளைவீல் பல்லை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கலாம். நம் பக்கத்தில் பலர் செய்வது வேறு: இன்னொரு டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்து, டாப் கியரில் போட்டு கிளட்சை விடுகிறார்கள். பிஸ்டன் ஓடும் குழாயான லைனரில் ஒட்டியிருக்கும் பிஸ்டன் ரிங் உடைந்து, அந்த உடைசல் லைனரைக் கோடு கோடாகக் கிழித்துவிடும். லைனர் தேய்த்தாலே போதும் என்றிருந்த வேலை, லைனர் பிஸ்டன் செட் முழுவதும் வாங்கும் வேலையாகிவிடும்.

ஓடும்போது பிடித்திருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: சூடு அல்லது ஆயில். சேற்று உழவுக்குக் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டி நாள் முழுவதும் ஓட்டும்போது ரேடியேட்டர் கண்ணெல்லாம் சேறும் வைக்கோல் தூசியும் அப்பிக்கொள்ளும். பேன் பெல்ட்டும் தளர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். பிஸ்டன் விரிந்து லைனரோடு உரசிப் பிடிக்கும். இந்த வகையில் சேதம் மேல்பாதியில்தான்: பிஸ்டன், லைனர், வளைந்த ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி). ஆயில் இல்லாமலோ, ஆயில் பம்ப் தூக்காமலோ பிடித்திருந்தால் சேதம் கீழே, கிராங்கில் இருக்கும். பேரிங் உருகி, அது உட்காரும் கிராங்கின் ஜர்னல் பகுதி சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். செலவைத் தூக்கிவிடுவது இந்த இரண்டாவது வகைதான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சொந்த எஞ்சினைப் பிரித்துச் செய்வதற்குத்தான் என் முதல் வாக்கு, கிராங்க் தேறினால். தேறுமா என்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ராடு பேரிங்கைக் கழற்றி, அதன் முதுகைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எஸ்டிடி (ஸ்டாண்டர்ட்) என்று பொறித்திருந்தால் அந்தக் கிராங்க் இன்னும் கடைசல் பார்க்காதது. 010 என்றிருந்தால் ஒரு முறை கடைந்தாயிற்று, 020 என்றால் இரண்டாம் படி, 030 என்றால் மூன்றாம் படி. ஒவ்வொரு படிக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர் குறைகிறது. கடைக்காரர்கள் பத்து, இருபது, முப்பது என்றே கேட்பார்கள். முப்பதில் இருக்கும் கிராங்க் மறுபடி அடிபட்டிருந்தால் அதன்மேல் பணம் போடுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். நீலம் பாய்ந்த கிராங்கைக் கடைவதற்கு முன் விரிசல் சோதனை செய்யாமல் விடக் கூடாது. காந்தப்பொடி தூவிப் பார்க்கும் அந்தச் சோதனைக்குக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனால் வேலை முடியும். கடைசலையும் அங்கேயே கொடுத்துவிடலாம்.

இதனால்தான் நல்ல மெக்கானிக் யாரும், எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றும் முன், வந்தவுடன் தொகை சொல்வதில்லை. "சம்ப்பைக் கழற்றாமல் விலை கேட்காதீர்கள் அண்ணா, சொன்னால் அது என் வாய்க்கு வந்த விலையாகத்தான் இருக்கும்" என்று சொல்பவரிடம் வண்டியை நம்பி விடலாம். சம்ப்பைக் கழற்றாமலே மொத்தமாக ஒரு தொகை பேசுகிறவரிடம் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

லைனரிலும் ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் நேரடியாகத் தொடும் ஈர லைனர் எஞ்சினில், பழையதை இழுத்துவிட்டு ரப்பர் வளையத்தோடு புதியதை இறக்கிவிடலாம். பட்டறைக்குப் பிளாக்கைத் தூக்கிப்போக வேண்டியதில்லை. உலர் லைனர் என்றால் அழுத்தி ஏற்ற வேண்டும், அளவு பார்த்துத் துளையைத் தேய்க்கவும் வேண்டியிருக்கும். கூலியும் நாளும் கூடும். ஈர லைனரிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ரப்பர் வளையம் உட்காரும் இடம் அரித்துப்போயிருந்தால் எத்தனை புது லைனர் போட்டாலும் தண்ணீர் ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆயில் மோர் நிறத்தில் வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மூன்று சிலிண்டர் எஞ்சினை ஹெட், ஆயில் பம்ப், டீசல் பம்ப் சர்வீஸ் உட்பட முழுதாகச் செய்தால் ஒரு லட்சம் ரூபாய்க்கு முன்னேபின்னே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். அதில் டீசல் பம்பையும் நாசிலையும் விட்டுவிட்டு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அந்த மிச்சம் நிலைக்காது. நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகினால் டீசல் லைனர் சுவரை நனைத்து ஆயில் படலத்தைக் கழுவிவிடும். புது ரிங் ஒரு போகம் தாண்டாது.

இரண்டாவது வழி, கழற்றிய பழைய எஞ்சின். பேச்சில் இதுதான் மலிவு. காலை இறக்கி மாலை ஏற்றிவிடலாம் என்ற ஆசையும் சேர்ந்துகொள்ளும். ஆனால் டிராக்டருக்கு லாரி போலப் பாரம் தாங்கும் தனி பிரேம் கிடையாது. முன் அச்சு எஞ்சினில் தொங்குகிறது, எஞ்சின் கிளட்ச் ஹவுசிங்கோடு நேராகப் போல்ட் ஆகியிருக்கிறது. எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. ஆகவே எஞ்சினை எடுப்பதென்றால் வண்டியை இரண்டாகப் பிரிப்பது என்று பொருள். முன் அச்சு ஆடாமல் இருபுறமும் மர ஆப்பு அடித்து, பின்பாதிக்கு ஜாக்கி கொடுத்து, சமதளத்தில் செய்ய வேண்டிய வேலை அது. தோப்புக்குள் தென்னை மரத்தில் சங்கிலி கட்டிச் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த மரத்தடியில் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இதே காரணத்தால்தான் ஜெனரேட்டரில் ஓடிய அதே கம்பெனி எஞ்சினை வாங்கி வந்து ஏமாறுகிறார்கள். பிளாக் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் டிராக்டரின் சம்ப் பாரம் தாங்கும் வார்ப்பிரும்பு, ஜெனரேட்டருக்குத் தகட்டுச் சம்ப்பே போதும். பின்பக்கத் தகடும் பிளைவீலும் பொருந்தாது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அமைப்பும் வேறு. எல்லாவற்றையும் பழைய எஞ்சினிலிருந்து மாற்றிப் பூட்டிய பிறகு கணக்குப் பார்த்தால், மலிவு எங்கே போனது என்று தேட வேண்டும்.

கழற்றிய எஞ்சினை வாங்கியே தீர வேண்டுமென்றால், அது வண்டியில் இருக்கும்போதே, ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் ரயில் என்ஜின் போலப் புகை தள்ளக் கூடாது. சூடேறிய பிறகு ஆயில் பிரஷர் விழக் கூடாது. கடைத் தரையில் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக நிற்கும் எஞ்சினுக்கு நான் பாதி விலைகூடக் கொடுக்கமாட்டேன். அதைத் திறந்து பார்க்கும் வரை அதுவும் ஒரு பிடித்துக்கொண்ட எஞ்சின்தான்.

எல்லையில் இருப்பவர்களுக்குக் காகித வேலை இங்கேதான் முளைக்கிறது. எஞ்சின் எண் ஆர்சியில் ஏறியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியில் திருத்த வேண்டும். வாங்கியதற்கான பில், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான சான்று இரண்டும் கையில் இல்லாவிட்டால், திருட்டு எஞ்சின் இல்லை என்று நிரூபிக்கும் பாடு நம் தலையில் விழும். பொள்ளாச்சியில் கழற்றிய டிஎன் 41 எஞ்சினை சித்தூரின் கேஎல் 70 வண்டியில் ஏற்றும்போது இரண்டு மாநிலத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் பழைய எண்தான் இருக்கும். டிரெய்லரோடு ரோட்டில் ஒரு விபத்து நடந்தால் அது பெரிய தலைவலி.

புது வண்டி வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது ஓர் ஆறுதல். அப்படியும் 35 குதிரைத்திறன் வண்டி ஆறு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் மானியம் கிடைத்தால் பார்க்கலாம். ஆனால் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்து, வண்டி இறங்குவதற்குள் நடவு காத்திருக்காது. சொந்த வயலுக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு வங்கித் தவணையை விட வாடகை வண்டி மலிவு. வெளியே வாடகைக்கு ஓட்டி, வருடம் முழுவதும் ரோட்டவேட்டரும் டிரெய்லருமாக வேலை வைத்திருப்பவர்தான் புது வண்டிக் கணக்கைப் போட வேண்டும். அவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

பழுது பார்ப்பதைக் கைவிட வேண்டிய இடங்களும் உண்டு. பிளாக்கில் ராடு துளைத்து வெளியே வந்திருந்தால், அல்லது தண்ணீர்ப் பாதையில் விரிசல் விட்டிருந்தால், வெல்டிங்கில் பணம் போடாதீர்கள். கியர்பாக்ஸ் சத்தம், ஹைட்ராலிக் தூக்காமை, தேய்ந்த பின் டயர் எல்லாம் சேர்ந்திருந்தாலும், எஞ்சினை மட்டும் புதிதாக்கிப் பயனில்லை. இன்னொன்று ஆர்சி. தமிழ்நாட்டுக்காரரிடம் கைமாறி வாங்கி, பெயர் மாற்றாமலே ஓட்டும் வண்டிகள் இங்கே ஏராளம். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேரளப் பதிவுக்கு மாற்ற வேண்டும். பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளர் காலமாகி, வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தால், அந்த வண்டியில் ஒரு லட்சம் போட்டாலும் விற்கும்போது இரும்பு விலைதான்.

சீர் செய்பவர்கள் காலத்தைக் கவனிக்க வேண்டும். முண்டகன் (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்தவுடன் வண்டியைப் பட்டறையில் விட்டால், அடுத்த சேற்று உழவுக்கு முன் எஞ்சின் பதப்பட அவகாசம் கிடைக்கும். முதல் 50 மணி நேரம் டிரெய்லர், புழுதி உழவு என்று இலேசான வேலை கொடுத்து, ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கிய பிறகே கேஜ் வீல் மாட்ட வேண்டும். ரேடியேட்டரை வெளியிலும் உள்ளேயும் கழுவாமல் புது பிஸ்டன் போடுவது வீண். காற்று வடிகட்டியும் அப்படித்தான். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது தோப்பில் ரோட்டவேட்டர் ஓட்டினால், ஆயில் தொட்டி வடிகட்டியில் ஒரு நாளிலேயே சேறு படிந்துவிடும். அந்த மாதங்களில் தினமும் மாலை திறந்து பார்க்க வேண்டும்.

கிராங்கும் பிளாக்கும் தேறாமல், புதியது வாங்கவும் வசதி இல்லாமல் இருப்பவருக்கு யாரும் சொல்லாத நான்காவது வழி ஒன்று இருக்கிறது. அதே மாடலில், எஞ்சின் நன்றாக இருந்து கியர்பாக்ஸோ டயரோ போன முழு வண்டியை, ஆர்சியோடு வாங்குவது. எஞ்சினை ஓட்டிப் பார்த்தே வாங்கலாம், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழாது, சம்ப்பும் பிளைவீலும் தானாகப் பொருந்தும். மிஞ்சும் ஹைட்ராலிக், ரிம், ஸ்டியரிங் எல்லாம் இன்னும் பத்து வருடத்துக்கு உதிரி. இரண்டில் எந்த வண்டியின் காகிதம் சுத்தமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, மற்றதன் பதிவை ரத்து செய்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் சேசிஸை இரும்புக் கடைக்கு அனுப்பினால், அந்த எண்ணில் நாளை எங்கோ ஒரு வண்டி ஓடலாம், நோட்டீஸ் நம் பெயருக்கு வரும்.