மைக் பெட்டியில் ‘105 டிபி’ என்று இருந்தால் உஷார்

வீட்டிலேயே வீணை பதிவு செய்ய ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் “எஸ்என்ஆர் 105 டிபி, ஸ்டூடியோ தரம்”. எஸ்என்ஆர் என்றால் ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, டெசிபலில் (டிபி); எண் கூடினால் இரைச்சல் குறைவு. கடையில் போட்டுக் காட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. ஏசி ஓடுகிறது, வாசலில் ஆட்டோ ஹாரன். அங்கே எந்த மைக்கின் இரைச்சல் காதில் விழும்?

ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு வாசித்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது. மீட்டு விழும்போது சுத்தமாக இருக்கிறது. கமகம் இழைந்து நாதம் அடங்குகிற இடத்தில் ‘உஸ்ஸ்’ என்று ஒன்று மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சாஃப்ட்வேரில் இரைச்சலை நீக்கினால் நாதமும் கூடவே போய்விடுகிறது.

கடைக்காரர், “அது உங்க ரூம் சத்தம் சார்” என்றார். அப்புறம் கேபிள் என்றார், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி என்றார். நண்பரின் ரோட் என்டி1 மைக்கை அதே இடத்தில், அதே கேபிளில் மாட்டி, வீணையின் சத்தம் ஒரே அளவில் வரும்படி கெயின் வைத்தேன். உஸ்ஸைக் காணோம். ஆக, இரைச்சல் மைக்குக்குள்ளேயே பிறக்கிறது. எந்த மைக்கிலும் உள்ளிருக்கும் சர்க்யூட்டால் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்; அதைத்தான் சுய இரைச்சல் என்பார்கள். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அந்த 105-க்கு வருவோம். வழக்கமாக 94 டிபி ஒலியை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து சுய இரைச்சலைக் கழித்து எஸ்என்ஆர் சொல்வார்கள். நியூமன் டிஎல்எம் 103-க்கு சுய இரைச்சல் 7 டிபி-ஏ (காதுக்குக் கேட்கும் விதத்துக்கேற்ப அளந்த டெசிபல்), எனவே 87. ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறைக்கு 4, எனவே 90. இந்தக் கணக்கில் 105 வரவேண்டுமென்றால் சுய இரைச்சல் மைனஸ் 11 ஆக இருக்க வேண்டும்! உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் பொடி எழுத்தில் விடை இருந்தது: மைக் தாங்கும் அதிகபட்ச ஒலி 130 டிபி. 94-க்குப் பதில் அதிலிருந்து சுய இரைச்சலைக் கழித்திருக்கிறார்கள். அது டைனமிக் ரேஞ்ச். பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். 130-இல் 105 போனால் மிச்சம் 25; அதுதான் இந்த மைக்கின் சுய இரைச்சல். வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும் காலர் மைக்குக்கு 25 பரவாயில்லை. வீணைக்குக் கட்டுப்படியாகாது.

வாங்கும்போது “சுய இரைச்சல் எத்தனை டிபி-ஏ?” என்று மட்டும் கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

மாற்றித் தந்த இன்னொரு மைக்கிலும் அதே உஸ்ஸ். “சீல் பிரிச்சாச்சு, பணம் திரும்பத் தர முடியாது” என்கிறார்கள். பில்லையும் பெட்டியின் படத்தையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.