மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி: சுங்கை சிப்புட்டில் பிள்ளை பார்க்கும் ஓர் அக்காவின் சேவை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் குடியிருந்துகொண்டு ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் தம்பதியருக்கு, கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்பது வீட்டுக் கடனைவிடப் பெரிய கவலை. நான் ஈப்போவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் செம்பனை ஆலையில் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார். பதினான்கு மாதங்களாக எங்கள் மகளைப் பார்த்துக்கொள்பவர், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் ஓர் அக்கா. தம்முடைய பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. மணிக்கணக்குச் சம்பளத்துக்கு இப்படி வீட்டுக்கு வரும் பெண்கள் இவ்வட்டாரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை அமர்த்த நினைப்பவர்களுக்கு எங்கள் கணக்கு உதவலாம்.

அவருக்கு முன்பு ஒரு முகவர் நிறுவனத்தின் வழியாக ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தோம். பிள்ளையை மட்டும் பார்த்தால் போதும் என்று அவரிடமும், சமையல் முதல் துணி மடிப்பது வரை எல்லாம் செய்வார் என்று எங்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். நான்காம் நாள் அவர் அழுதுகொண்டே போய்விட்டார். கட்டிய சேவைக் கட்டணம் திரும்பி வரவில்லை.

இந்த அக்காவிடம் நாங்களே நேரடியாகச் சம்பளம் பேசினோம். காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மாதத்துக்கு 22 நாள், மணிக்கு 8 வெள்ளி (ரிங்கிட்). ஆக மொத்தம் 1,760 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிதானே, அதற்கு மேலேயே கொடுக்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்த 1,700 வெள்ளி, வாரத்துக்கு 45 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட தொகை என்பதும், மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 சென் ஆகிறது என்பதும் பிறகுதான் எனக்கு உறைத்தன. அவர் எங்கள் வீட்டில் நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்கிறார். மாதத் தொகையைப் பார்த்துத் தாராளம் என்று நினைத்த நான், மணிக்கு 72 சென் குறைத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுப் பணியாளர்கள் குறைந்தபட்சச் சம்பள ஆணைக்குள் வருவதில்லை. வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற வரம்பும், கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்குச் சம்பளமும் அவர்களுக்கு உரிமையாகக் கிடைப்பதில்லை. ஆகவே சட்டப்படி நான் தவறு செய்யவில்லை. என் கூடத்தில் பாட்டில்களைக் கழுவுகிறவருக்கு இருக்கும் உரிமை, என் மகளைத் தூக்கி வைத்திருப்பவருக்கு இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. பெர்க்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்பு மட்டும் 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் உண்டு. பதிவு செய்ய வேண்டியது அமர்த்துகிறவரின் பொறுப்பு. பத்து கிலோ பிள்ளையை நாள் முழுவதும் தூக்கி இறக்குகிற வேலைக்கு அது ஆடம்பரமில்லை என்பதால் முதல் மாதமே பதிந்துவிட்டோம்.

அடுத்த சிக்கல், அந்தப் பத்து மணி நேரத்துக்குள் என்னென்ன வேலை அடங்கும் என்பது. பிள்ளையைக் குளிப்பாட்டுவது, கஞ்சி காய்ச்சி ஊட்டுவது, பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, பிள்ளையின் துணிகளைத் துவைப்பது ஆகியவற்றைத்தான் பேசியிருந்தோம். ஆனால் இரண்டாம் மாதத்தில், முந்தின இரவு சாப்பிட்ட பாத்திரங்களை நான் சிங்கில் போட்டபடியே வேலைக்குக் கிளம்பத் தொடங்கியிருந்தேன். திரும்பி வரும்போது அவை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். நான் செய்யச் சொல்லவில்லை. செய்ய வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் அவரே மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, பிள்ளய பாக்கத்தான் சம்பளம் பேசினோம். சட்டி பானைக்கும் சேத்துத்தானா?" எனக்கு முகம் சிவந்துவிட்டது. பாத்திரத்தை அன்றிலிருந்து நாங்களே கழுவிக்கொள்கிறோம்.

அவருடைய சேவையில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு நாள்காட்டி. மளிகைக் கடையில் தீபாவளிக்குக் கொடுத்த, ராகுகாலம் அச்சிட்ட தாள் நாள்காட்டிதான்; சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் தாம் வந்த நேரத்தைப் பென்சிலால் எழுதுவார். தோட்டத்து மண் சாலை மழைக்குச் சேறாகிவிட்டால் மகனின் மோட்டார் சைக்கிள் தாமதமாகும்; அன்றைக்கு '7.25' என்று கூசாமல் எழுதி வைப்பார், மாதக் கடைசியில் அந்த நிமிடங்களைக் கழித்துக்கொள்ளும்படி அவரே சொல்வார். நானோ, ஈப்போச் சாலை நெரிசலில் மாட்டி 5.20க்கும் 5.40க்கும் வீட்டுக்குள் நுழைவேன், மன்னிப்புக் கேட்பேன், அத்துடன் கணக்கு முடிந்ததாக நினைத்துக்கொள்வேன். மூன்றாம் மாதம் அவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் வர்ற நேரத்த எழுதுறேன். நீங்க வர்ற நேரத்தயும் எழுதட்டுங்களா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அன்றுமுதல் கட்டத்தில் இரண்டு நேரங்கள் இருக்கின்றன. ஐந்து மணிக்கு மேல் போகும் ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் சம்பளம் சேர்கிறது. முதல் மாதம் எழுதிப் பார்த்தபோது கூடுதலாக ஆறரை மணி நேரம் வந்தது. அதற்கு முந்தின இரண்டு மாதங்களில் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையையும் கொடுத்தேன்.

நான்காம் மாதம் எதிர்வீட்டுக்காரர்களின் மகனையும் எங்கள் வீட்டிலேயே சேர்த்துப் பார்க்க அவர் சம்மதித்தார். இப்போது மணிக்கு 12 வெள்ளி. இரு குடும்பமும் ஆளுக்கு 6 வெள்ளி. எங்கள் பங்கு மாதம் 1,320 வெள்ளியாகக் குறைந்தது. அவருடைய வருமானம் 2,640 வெள்ளியாக உயர்ந்தது. தைப்பூசம், தீபாவளி உள்ளிட்ட பொது விடுமுறைகளுக்குச் சம்பளம் உண்டு. நாங்களாக விடுப்பு எடுத்து அவரை வரவேண்டாம் என்று சொன்னால், அந்த நாளுக்கும் உண்டு.

வேலையின் தரத்துக்கு வருகிறேன். அவர் பிள்ளையுடன் ஓயாமல் பேசுகிறார். அணிலைக் காட்டுவார், பக்கத்து வீட்டுச் சேவலோடு சண்டை போடுவார், கஞ்சியில் மிதக்கும் காரட்டை எண்ணுவார். ஒன்றரை வயதில் என் மகள் 'மழ வருது' என்று சொன்னது அவரால்தான். சிறு வயதில் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர் அவர். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போன தாய்மார்களின் பிள்ளைகள் வரிசையாகச் சேலைத் தொட்டிலில் தூங்கியதையும், ஒரே ஆயாம்மா அத்தனை பேரையும் கட்டி மேய்த்ததையும் கதைகதையாகச் சொல்வார். ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு உடனே எனக்கு அழைத்தார். அலமாரியில் காய்ச்சல் மருந்து இருந்தும், நான் அளவைச் சொல்லும்வரை அதைத் தொடவில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஸ்பிரிங் தொட்டிலில் ஆட்டித்தான் தூங்க வைப்பார். மெத்தையில் படுக்கப் பழக்குங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டுவாரே ஒழிய மாற்றமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் படும் பாடு சொல்லி முடியாது. மதியத்தில் பிள்ளைகள் தூங்கியதும் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பார். அது அவருடைய ஓய்வு நேரம் என்பதால் எனக்கு மறுப்பில்லை, சத்தத்தை மட்டும் குறைக்கலாம். பிஸ்கட்டை மைலோவில் நனைத்துக் கொடுக்கும் பழக்கத்தைப் பெரும்பாடுபட்டு நிறுத்தினோம். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் மாற்று ஆள் இல்லை என்பதுதான் இவற்றில் பெரிய குறை. அன்றைக்கு நம்மில் ஒருவர் விடுப்பு எடுத்தாக வேண்டும்.

செலவை மட்டும் பார்த்தால் பதிவு பெற்ற தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு மையத்தில்) விடுவதே மலிவு. அதற்குச் செலுத்தும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவும் உண்டு. வீட்டுக்கு வருபவருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு அந்தக் கழிவு கிடையாது. ஆனால் ஒரு வயதுக்குக் குறைந்த மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது அங்கே விதி. இங்கே இருவருக்கு ஒருவர். நான்கு பிள்ளைகளானால் சமூக நலத் துறையில் பதிந்தாக வேண்டும் என்பது தெரிந்ததாலோ என்னவோ, மூன்றாவதாக ஒரு பிள்ளையைக் கேட்டபோதே அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

எதிர்வீட்டார் வருகிற ஜனவரியில் ஈப்போவுக்குக் குடிபோகிறார்கள். அப்போது ஓர் இடம் காலியாகும். நடக்கத் தொடங்கிய பிள்ளையாக இருந்தால் நல்லது. பேச வருகிறவர்கள் பாத்திரம், தரை துடைப்பது பற்றியெல்லாம் எடுக்க வேண்டாம். மாலையில் எத்தனை மணிக்கு உண்மையாகவே வீடு திரும்புவீர்கள் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.