கையடக்க ஜிபிஎஸ்: எண் காட்டுவதில் கெட்டி, விளக்கிச் சொல்வதில் சொதப்பல்

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை. பொத்தான் வைத்த, பேட்டரி மாற்றிப் போடக்கூடிய, சின்னத் திரையுள்ள கையடக்க ஜிபிஎஸ், அவ்வளவுதான். மொபைலிலேயே மேப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை: வழி தெரிந்தால் போதும் என்றால் மொபைலே போதும், இதை வாங்காதீர்கள். நிற்கிற இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும், அந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் சேர்த்து வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

பெட்டியிலிருந்து எடுத்து முதல்முறை ஆன் செய்தால் இடத்தைக் காட்ட நிறைய நேரம் எடுக்கிறது, இதற்கே கோபப்பட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே தங்கள் தகவலை விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகின்றன. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற பஞ்சாங்கம் முழுவதும் இறங்கவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். மொபைல் சட்டென்று காட்டுகிறதே என்றால், அது அந்தத் தகவலை இணையம் வழியாக வாங்கிக்கொள்கிறது. இந்தக் கருவிக்கு அந்த வசதி கிடையாது. வானம் மறைக்காத இடத்தில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அடுத்தடுத்த முறை ஆன் செய்யும்போது இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது எண்களுக்குக் கீழேயே பிழை எவ்வளவு இருக்கலாம் என்று மீட்டரில் காட்டுவது. திறந்த வெளியில் சில மீட்டர், மரத்தடியிலோ உயரமான கட்டடங்களுக்கு நடுவிலோ அது மளமளவென்று ஏறும். கம்பெனி தரும் உத்தரவாதம் இல்லை இது, கருவி தானே போட்டுப் பார்க்கும் கணக்குதான். ஆனாலும் பல மொபைல் செயலிகள் இதைக்கூடச் சொல்லாமல், தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழெட்டு இலக்கம் காட்டி ஏதோ துல்லியத்தின் சிகரம் போல நடிக்கின்றன. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அப்படியென்றால் நான்காவது தசம இலக்கம் 11 மீட்டர், ஐந்தாவது ஒரு மீட்டர் சொச்சம், ஆறாவது 11 சென்டிமீட்டர். சில மீட்டர் பிழையுள்ள கருவிக்கு ஐந்துக்கு மேல் எந்த இலக்கமும் வெறும் அலங்காரம். இந்தக் கருவி ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறது. வடிவமைத்தவர்களில் யாரோ ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

கையேட்டை எழுதியவருக்குத்தான் தெரியவில்லை. எண்களை எந்த முறையில் காட்டுவது என்பதற்கு மூன்று தேர்வுகள் இருக்கின்றன: டிகிரி-நிமிடம்-விநாடி (இங்கே நிமிடமும் விநாடியும் நேரமல்ல, டிகிரியின் சின்னக் கூறுகள்), டிகிரியும் தசம நிமிடமும், வெறும் தசம டிகிரி. எதற்கு எது என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 12 டிகிரி 30 நிமிடம் என்பது தசமத்தில் 12.5, யாராவது அதை 12.30 என்று தட்டிவிட்டால் 0.2 டிகிரி தவறு, அதாவது 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். கருவி எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் 12.30 என்பதும் செல்லுபடியாகும் ஒரு இடம்தான். தெற்கு, மேற்குக்கு மைனஸ் குறி போடும் முறையும் இப்படித்தான், ஒரு சின்னக் கோட்டை விட்டால் பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் போய்விடுவீர்கள்.

அமைப்புகளில் இன்னும் உள்ளே போனால் 'டேட்டம்', அதாவது எண்களுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் பூமி வடிவக் கணக்கு, என்று ஒரு நீளமான பட்டியல் வரும். அதில் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 தேர்வாகி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பழைய அச்சு வரைபடத்தோடு ஒப்பிடுகிற வேலை இல்லையென்றால் அதை விட்டு நகராதீர்கள். பூமி சரியான உருண்டை இல்லை. அதன் வடிவத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம், அதை எங்கே பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே இடத்தின் எண்கள் மாறும். டேட்டம் மாறினால் சில இடங்களில் சில நூறு மீட்டர்கூட நகர்ந்துவிடும். லண்டனில் உள்ள கிரீன்விச் வான் ஆய்வகத்தில் தரையில் பதித்திருக்கும் பூஜ்யத் தீர்க்கரேகைக் கோட்டின் மேல் ஜிபிஎஸ்ஸோடு நிற்பவர்களுக்குப் பூஜ்யம் வருவதில்லை, மேற்கே 5 விநாடி சொச்சம் என்று வரும். உண்மையான ஜிபிஎஸ் பூஜ்யம் அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே இருக்கிறது. அந்தக் கோட்டை உலகப் பூஜ்யமாக ஏற்றது 1884 வாஷிங்டன் மாநாட்டில். அதைக் குறித்த தொலைநோக்கி அந்த இடத்தில் ஈர்ப்பு விசை இழுக்கும் திசையை வைத்து நிமிர்த்தப்பட்டது, செயற்கைக்கோள் கணக்கோ பூமியின் நிறை மையத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டும் அவரவர் கணக்கில் சரிதான், ஆனால் இதைப் பார்த்துவிட்டுக் கருவி பொய் சொல்கிறது என்று திட்டினால் அது என்ன செய்யும்?

உயரம் காட்டும் பகுதியை நம்பாதீர்கள், அதில் பிழை கிடைமட்டத்தைவிடப் பொதுவாகக் கூடுதல்.

எண்ணை வைத்தே தூரத்தை மனக்கணக்காகப் போட நினைப்பவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு தெற்காகப் போனால் ஒரு நிமிடம் எங்கேயும் ஏறத்தாழ 1,852 மீட்டர், ஒரு கடல் மைல். கிழக்கு மேற்காக அப்படியில்லை. தீர்க்கரேகைகள் துருவத்தில் போய்ச் சேர்வதால் ஆரஞ்சுச் சுளை மாதிரி இடைவெளி குறுகிக்கொண்டே போகும், 60 டிகிரி அட்சரேகையில் அதே ஒரு நிமிடம் பாதியாகிவிடும். கருவியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் கேட்டால் இதையெல்லாம் சரியாகவே சேர்த்துக் கணக்கிடுகிறது, அதில் குறையில்லை.

அப்புறம், கூட வரும் கணினி மென்பொருள். படுமோசம். ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் தகவலைப் பரிமாறும் கோப்பு வகை) கோப்பாக எடுத்தால் பிரச்சினை இல்லை, அதில் எது அட்சரேகை, எது தீர்க்கரேகை என்று பெயர் போட்டே எழுதியிருக்கும். அட்டவணையாக எடுத்தால் தலைப்பே இல்லாமல் இரண்டு வரிசை எண்கள், அதிலும் தீர்க்கரேகை முதலில்! உலகத்தில் பாதி மென்பொருள் அந்த வரிசையில்தான் எழுதுகிறது என்பது உண்மை, வரைபடத் தகவலுக்கான ஜியோஜேசன் கோப்பு வகைகூட அப்படித்தான், ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்யலாமே. சிட்னியின் எண்களை மாற்றிப் போட்டால் அட்சரேகை 151 என்று வரும், 90-க்கு மேல் அட்சரேகையே கிடையாது என்பதால் பெரும்பாலான மென்பொருள் அங்கேயே தடுத்துவிடும். லண்டனை மாற்றிப் போட்டால் அப்படி எதுவும் நடக்காது, சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் அமைதியாக ஒரு புள்ளி விழும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். காடு மலை ஏறுபவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், கிணறோ மரமோ கல்வெட்டோ இருக்கும் இடத்தைக் குறித்து வைக்கும் வேலை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். மாணவர்களுக்கு வாங்கித் தருவதாக இருந்தால் முதலில் நீங்கள் எண் முறையைத் தசம டிகிரிக்கும் டேட்டத்தை டபிள்யூஜிஎஸ் 84-க்கும் மாற்றி வைத்துவிட்டுக் கொடுங்கள், பேட்டரி மாற்றிய பிறகு அது அப்படியே இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.