ஆறு நாள் முந்தியதால் 150 பவுண் போச்சு: லண்டனில் கரண்ட், காஸ் கம்பனி மாற்றுகிறவர்கள் கவனம்

மார்ச் 31-ஆம் திகதியோடு கரண்ட், காஸ் ஃபிக்ஸ் (குறித்த காலத்துக்கு யூனிட் விலை மாறாத ஒப்பந்தம்) முடிகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். யாரிடமும் பில்லைத் தூக்கிக் கொடுக்க முதல் இதை வாசியுங்கள். எனக்கு 150 பவுண் போய்விட்டது. கம்பனி கூடாது என்றோ பில் பிழை என்றோ இல்லை. ஆறே ஆறு நாள் முந்தி மாற்றியதால் போனது. அதுவும் நானாக மாற்றவில்லை, "நான் பார்த்துச் செய்கிறேன் அக்கா" என்று சொன்ன ஒருவனை நம்பி விட்டேன்.

நாங்கள் ஹரோ பக்கம் இருக்கிறோம். வீட்டில் மாமி இருக்கிறார், வயது 78. அவரால் குளிர் தாங்க முடியாது என்பதால் ஹீட்டிங் நாள் முழுக்க ஓடும். அதனால் 2024 மார்ச்சில் ஒரு வருசத்துக்கு ஃபிக்ஸ் பண்ணினோம். கரண்ட் யூனிட்டுக்கு 23 பென்ஸ். 2025 மார்ச் 31 வரைக்கும் அந்த விலைதான். விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கத் தேவையில்லாமல் நிம்மதியாக இருந்தோம்.

ஜனவரி 25, சனிக்கிழமை. பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிப் பொங்கல் விழா. மண்டபத்து வாசலில், நகைக்கடைக்காரரின் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை. கரண்ட், காஸ் எல்லாக் கம்பனி விலையும் ஒப்பிட்டு மலிவானதுக்கு மாற்றித் தருகிறோம், இலவசம் என்று தமிழில் எழுதிய பதாகை. பெயர் எழுத மாட்டேன். இப்படி ஆட்களைப் பிடித்துக் கொடுத்து கம்பனியிடம் கமிஷன் வாங்கும் இடைத்தரகு நிறுவனம் என்று மட்டும் சொல்கிறேன்.

மேசையில் இருந்த பெடியனுக்கு 25 வயது இருக்கும். "அக்கா எந்த ஊர்?" என்று கேட்டான். சொன்னேன். தன்னுடைய அம்மம்மாவும் அந்தப் பக்கம்தான் என்றான். மாமியை உட்கார வைத்து கதிரைக்குப் பின்னால் குஷன் வைத்தான், தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. ஆங்கிலத்தில் போன் எடுத்து அரை மணித்தியாலம் காத்திருந்து, சொல்வதில் பாதி விளங்காமல் வைக்கிறதை விட, நம் மொழியில் கதைக்கிற ஒரு பிள்ளை இருக்கிறானே என்று நினைத்தேன். அதை நினைக்கத்தான் இப்போது வயிறு எரிகிறது.

என் போனில் இருந்த பில்லை வாங்கிப் பார்த்தான். "ஏப்ரலில் விலை ஏறப் போகுது அக்கா. இப்பவே மாத்தினால் வருசத்துக்கு 140 பவுண் மிச்சம்" என்றான். நான் கேட்டேன், நன்றாக நினைவிருக்கிறது, என் கணவரும் பக்கத்தில் நின்றார். "தம்பி, எங்கட ஃபிக்ஸ் மார்ச் 31 மட்டும் இருக்கு. இப்ப விட்டால் எக்சிட் ஃபீ, முந்தி விட்டுப் போறதுக்கான அபராதம், எடுப்பாங்களே?"

"கடைசி ரெண்டு மாசத்தில எக்சிட் ஃபீ எடுக்க ஏலாது அக்கா. அது ஓஃப்ஜெம் சட்டம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

ஓஃப்ஜெம் என்றால் கரண்ட், காஸ் கம்பனிகளைக் கட்டுப்படுத்துகிற அமைப்பு. அந்தப் பெயரைக் கேட்டதும் நான் அடங்கிவிட்டேன். என் விபரங்களை அவனே தன்னுடைய டேப்லெட்டில் தட்டினான். பெட்டிகளுக்கு டிக் போட்டதும் அவன்தான். கடைசியில் விரலால் கையெழுத்து வைத்தது மட்டும் நான்.

28-ஆம் திகதி புதிய கம்பனியிடமிருந்து மெயில் வந்தது. பெப்ரவரி 4-ஆம் திகதி மாறுகிறது என்று போட்டிருந்தது. எனக்கு ஏதோ உறுத்தியது. அவனுக்கு வாட்ஸ்அப் போட்டேன், இவ்வளவு கெதியாகவா என்று. "கெதியா மாறினால் கெதியா லாபம் அக்கா" என்று ஒரு சிரித்த முகத்தோடு பதில் வந்தது. அன்றைக்கு நான் நிறுத்தியிருக்கலாம். ஒப்பந்தம் போட்டு 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யும் உரிமை எனக்கு இருந்தது. அந்த மெயிலிலேயே அது எழுதியும் இருந்தது. நான் அவன் சொன்னதைத்தான் நம்பினேன்.

மார்ச் 11-ஆம் திகதி பழைய கம்பனியின் கடைசி பில் வந்தது. டைரக்ட் டெபிட்டில் கட்டிய காசில் எங்கள் கணக்கில் 168 பவுண் மிச்சம் இருந்தது. அது திரும்பி வரும், மகனின் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கட்டலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பில்லில் எக்சிட் ஃபீ கரண்டுக்கு 75, காஸுக்கு 75, மொத்தம் 150 பவுண். வங்கிக்கு வந்தது 18 பவுண்.

உடனே பழைய கம்பனிக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிசம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். அவர் மீது குறை சொல்ல மாட்டேன், அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். சட்டம் இருக்கிறதுதான். ஆனால் அது இரண்டு மாதம் இல்லை, 49 நாள். ஃபிக்ஸ் முடிகிற திகதிக்கு முந்தின 49 நாளுக்குள் விட்டுப் போனால் எக்சிட் ஃபீ எடுக்கக் கூடாது. மார்ச் 31-இலிருந்து பின்னுக்கு எண்ணினால் பெப்ரவரி 10. நாங்கள் போனது பெப்ரவரி 4. ஆறு நாள்! இன்னும் ஒரு கிழமை பொறுத்திருந்தால் ஒரு பென்ஸ் கூடக் கட்டத் தேவையில்லை.

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது. ஃபிக்ஸ் முடிய 49 நாளிலிருந்து 42 நாள் இருக்கும்போது, கம்பனியே "உங்கள் ஒப்பந்தம் முடியப் போகிறது, இனி அபராதமில்லாமல் மாறலாம்" என்று கடிதமோ மெயிலோ அனுப்பியாக வேண்டும். அந்தக் கதவு திறக்கிற நேரத்தில்தான் கடிதமும் வரும். எங்களுக்கு அது வரவே இல்லை. வர முதலே எங்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவசரம் என்றானே, அதுவும் பொய். அந்த ஏப்ரலில் விலை ஏற இருந்தது உண்மைதான். பிரைஸ் கேப், அதாவது கம்பனிகள் எடுக்கக்கூடிய விலைக்கு ஓஃப்ஜெம் வைக்கிற உச்ச வரம்பு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் முதலாம் திகதிகளில் மாறும். 2025 ஏப்ரல் 1-இலிருந்து சராசரி வீட்டுக்கு வருசத்துக்கு 1,738 பவுணிலிருந்து 1,849 பவுணுக்குப் போகும் என்று அந்தப் பெப்ரவரி 25-ஆம் திகதியே அறிவித்திருந்தார்கள். ஆனால் அந்தக் கேப் ஸ்டாண்டர்ட் வேரியபிளில், அதாவது ஃபிக்ஸ் இல்லாமல் விலை மாறிக்கொண்டிருக்கிற ஒப்பந்தத்தில், இருக்கிறவர்களுக்குத்தானே? மார்ச் 31 வரை ஃபிக்ஸில் இருந்த எனக்கு ஜனவரியில் என்ன அவசரம்? அவன் காட்டிய 140 பவுண் மிச்சமும், ஏப்ரலுக்குப் பிறகு நான் சும்மா இருந்து வேரியபிளுக்குப் போயிருந்தால் கட்டியிருக்கக்கூடிய விலையோடு ஒப்பிட்டது. நான் அப்போது கட்டிக்கொண்டிருந்தது 23 பென்ஸ், அவன் மாற்றிவிட்டது 24 பென்ஸ். எட்டு கிழமை மலிவான விலையையும் விட்டு, மேலே 150 பவுணும் கட்டியிருக்கிறேன்.

இனி அவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். பெடியனுக்கு பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன். "பார்க்கிறன் அக்கா" என்றான். இரண்டு நாள் கழித்து, "நான் இப்ப அங்க வேலை செய்யேல்லை" என்றான். அதற்குப் பிறகு நான் போடுகிற செய்திக்கு ஒற்றை டிக் மட்டும்தான். அலுவலகத்துக்கு எடுத்தால், "நாங்கள் அறிமுகம் செய்கிறவர்கள் மட்டும்தான், ஒப்பந்தம் உங்களுக்கும் கம்பனிக்கும் இடையில்" என்கிறார்கள். மெயில் போட்டேன். பதில் வந்தது: எக்சிட் ஃபீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன் என்ற பெட்டிக்கு நான் டிக் போட்டிருக்கிறேனாம்! அந்த டிக்கைப் போட்டது யார்? அந்த மண்டபத்தில் டேப்லெட் யார் கையில் இருந்தது? எங்கள் மொழியில் சிரித்துக் கதைத்துப் பிடிக்கிறது, காசு என்று கேட்டால் மட்டும் ஆங்கிலத்தில் சட்டம் பேசுகிறது.

புதிய கம்பனியோ, எங்களுக்கு விண்ணப்பம் வந்தது, செய்தோம் என்கிறது. உங்கள் பெயரில்தானே அவன் விற்றான், கமிஷனும் கொடுத்தீர்கள்தானே என்று கேட்டதற்கு, "உங்கள் கருத்தை உரிய பகுதிக்கு அனுப்பி வைக்கிறோம்" என்றார்கள். கருத்தா? 150 பவுண் அது! மார்ச் 13-ஆம் திகதி எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். எட்டு கிழமைக்குள் சரியான பதில் இல்லையென்றால் எனர்ஜி ஓம்புட்ஸ்மனிடம் (கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கிற அமைப்பு) போகலாம், அதற்குக் காசு இல்லை. மே 8 வரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, வேலைக்கும் போக வேண்டும். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

ஃபிக்ஸ் முடிகிற திகதியை பில்லில் பார்த்து, 49 நாளை நீங்களே கலண்டரில் எண்ணுங்கள். புதிய கம்பனிக்கு மாற இப்போது ஐந்து வேலை நாள்தான் எடுக்கும், அதனால் மாறுகிற திகதி அந்த 49 நாளுக்குள் விழ வேண்டும். அந்த 49 நாளுக்குள் வந்துவிட்டவர்கள் தாராளமாக மாறலாம். பிந்திவிட்டால் வேரியபிளுக்குத் தானாகப் போய்விடுவீர்கள். அதற்கு எக்சிட் ஃபீ இல்லை, எந்த நாளும் விடலாம். அந்தச் சில நாளுக்காகப் பயந்து யாரிடமும் கையெழுத்து வைக்க வேண்டாம். யூனிட் விலையும் ஸ்டாண்டிங் சார்ஜும் (பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளுக்கு எடுக்கிற கட்டணம்) எழுத்தில் கேளுங்கள், மிச்சம் என்று சொல்கிற கணக்கை நம்பாதீர்கள். மாறுகிற அன்றைக்கு மீற்றரைப் படம் எடுத்து வையுங்கள். டேப்லெட்டை உங்கள் கையில் வாங்கி நீங்களே டிக் போடுங்கள்.

சித்திரை வருசப்பிறப்பு விழாவுக்கும் அதே மேசை வரும் என்று பள்ளி நோட்டீஸில் போட்டிருக்கிறது. நிர்வாகத்தினருக்கு இன்று காலை எழுதிவிட்டேன், பில்லின் படத்தோடு.