4070 டிஐ நல்ல கார்டுதான், அந்த 16 பின் கனெக்டரை மட்டும் மன்னிக்க முடியவில்லை

உசிலம்பட்டியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அடுத்து வரப்போற கார்டுல ஹார்டுவேர் கோளாறுன்னு பேச்சு ஓடுதேண்ணே, பொறுத்திருந்து வாங்கவா, இல்ல உங்ககிட்ட இருக்குற மாதிரி 4070 டிஐ விலை இறங்கிக் கிடக்குறப்பவே எடுத்துரவா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் என்விடியாவின் இந்த கிராஃபிக்ஸ் கார்டை (கம்ப்யூட்டரில் கேம் காட்சிகளை வரைந்து தரும் பாகம்) சில கோடைகளாக ஓட்டியதில் சொல்ல வேண்டியது ஒன்று சேர்ந்து கிடக்கிறது. வதந்திக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் கார்டுக்கு உரிய நியாயம். 285 வாட்டில், 450 வாட் தின்ற பழைய 3090 டிஐ-க்கு வேகத்தில் பக்கத்தில் நிற்கிற கார்டு இது. 1440பி திரையில் குறை சொல்ல இடமில்லை. 12 ஜிபி மெமரி சில புது கேம்களில் இறுக்குகிறது, அது வாங்கும்போதே தெரிந்த விஷயம். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத மாடி அறை 38 டிகிரியில் இருக்கும்போதும் சிப் 80-ஐத் தாண்டாமல் ஓடுகிறது. ஆஃப்டர்பர்னர் என்ற கார்டைச் சீரமைக்கும் மென்பொருளில் கன்ட்ரோல்-எஃப் அழுத்தி, வோல்டேஜ் கர்வில் (எந்த வோல்ட்டில் எந்த வேகம் என்று காட்டும் கோடு) 0.95 வோல்ட்டில் 2,600 மெகாஹெர்ட்ஸ் அளவில் பிடித்து நிறுத்தினால் 40 முதல் 60 வாட் வரை குறைகிறது. கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சிப்புக்குச் சிப்பு இது மாறும், படிப்படியாக இறக்கிப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது ஃபேன் நின்றே போகிறது. மதுரை தூசிக்கு அது பெரிய வரம்.

இனி கனெக்டர், அதாவது பவர் சப்ளையில் இருந்து கார்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் பிளக். பழைய 8 பின் பிளக்கில் 12 வோல்ட் கம்பி மூன்று. விதிப்படி 150 வாட். அதாவது கம்பிக்கு 4 ஆம்பியருக்குச் சற்று மேல். நல்ல பின் ஒவ்வொன்றும் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாங்கும். 16 பின்னில் 12 வோல்ட் கம்பி ஆறு. அனுமதி 600 வாட். கம்பிக்கு 8.3 ஆம்பியர். பின்னின் வரம்போ 9.2 முதல் 9.5 ஆம்பியர்தான். இருந்த இடைவெளியை முக்கால்வாசிக்கு மேல் சுரண்டி எடுத்துவிட்டு, பிளக்கையும் சிறிதாக்கினார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மின்சாரம் படித்த யாருக்கும் இந்தக் கணக்கு காகிதத்திலேயே உறுத்தியிருக்க வேண்டும்.

அதைவிட மோசம், ஆறு கம்பிகளுக்கும் மின்சாரம் சமமாகப் பிரிகிறதா என்ற பங்கீட்டைக் கார்டு கவனிப்பதே இல்லை. 3090 டிஐ-யில் இந்த ஆறு பின்களை மூன்று ஜோடியாகப் பிரித்துத் தனித்தனியாக அளந்தார்கள். 4090-இல் இருந்து ஆறும் கார்டுக்குள் நுழைந்ததும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பல்லக்குத் தூக்கும் ஆறு பேரில் நான்கு பேர் தோளைத் தாழ்த்தினால் மிச்ச இரண்டு பேர் தலையில் மொத்தப் பாரமும் இறங்குமே, அந்தக் கதைதான். பல்லக்கு நகர்கிறது, உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. 2025 பிப்ரவரியில் ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் (சிப்பை வரம்புக்கு மேல் ஓட்டிப் பார்ப்பவர்) ஒருவர் 575 வாட் 5090-இன் கம்பிகளை அளந்தபோது ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. பவர் சப்ளை பக்கத்து முனையில் சூடு 150 டிகிரியை நெருங்கியது. கார்டு எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

20 ஆம்பியர் என்றால் 8 ஆம்பியரைவிட இரண்டரை மடங்குதானே என்று நினைக்கக் கூடாது. பின் தொடும் இடத்தில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும். தொடுமிடத்தில் 5 மில்லி ஓம் தடை என்று வையுங்கள். 4 ஆம்பியரில் 0.08 வாட். 8 ஆம்பியரில் 0.32 வாட். 20 ஆம்பியரில் 2 வாட். அரிசிமணி அளவு உலோகத்தில், சுற்றிலும் பிளாஸ்டிக்கோடு, இரண்டு வாட் என்பது உருகப் போதும். சூடேறிய பின்னின் பிடி தளரும், தளர்ந்தால் தடை கூடும், கூடினால் மேலும் சூடு. அந்த ஆம்பியர் வரம்பும், சுற்றியுள்ள காற்றைவிடப் பின் 30 டிகிரி சூடேறலாம் என்ற கணக்கில் போட்டது. நம் ஊரில் மே மாதம் கேபினெட்டுக்குள் காற்று 50 டிகிரியைத் தொடும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் 55-இல் நிற்கும் பின் இங்கே 80-இல் நிற்கும்.

இந்தக் கார்டுக்கு இதெல்லாம் எந்த அளவு பொருந்தும்? நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம்தான். 285 வாட்டை ஆறாகப் பிரித்தால் கம்பிக்கு 4 ஆம்பியர்கூட இல்லை, மேலே சொன்னபடி வோல்டேஜை இறக்கினால் (அண்டர்வோல்ட்) 3 ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டு பின் தொடாமல் போனாலும் மிச்சம் நான்கும் வரம்புக்குள் நிற்கும். அப்படியிருந்தும் கேபினெட்டைத் திறக்கும்போதெல்லாம் கை முதலில் அங்கேதான் போகிறது. ஒரு நல்ல கார்டு தன் உரிமையாளரை இப்படிச் சந்தேகப்பட வைக்கக் கூடாது.

மாட்டும்போது: பவர் சப்ளையை அணைத்து, கம்பியை இழுக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்து நேராக அழுத்துங்கள். கிளிக் சத்தம் சில சமயம் கேட்காது, அதனால் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் இடையே நகக்கண் அளவு இடைவெளிகூடத் தெரியக் கூடாது. பிளக்கில் இருந்து 35 மில்லிமீட்டர் வரை கம்பி வளையாமல் நேராக வர வேண்டும். மலிவான கேபினெட்டில் பக்கக் கண்ணாடி கம்பியைத் தள்ளும். அங்கே கண்ணாடியை அழுத்தி மூடுவதைவிடக் கழற்றி வைப்பதே மேல். கார்டோடு வரும் அடாப்டரில் இரண்டு 8 பின் இருந்தால், பவர் சப்ளையில் இருந்து இரண்டு தனி கேபிள் போடுங்கள். ஒரே கேபிளில் இரட்டைத் தலையாக வருவதை இரண்டு பக்கமும் செருகுவதைக் கடைகளில் இன்னும் பார்க்க முடிகிறது, அதை அனுமதிக்காதீர்கள். இந்தக் கனெக்டருக்கு 30 முறை கழற்றி மாட்டுவதுதான் ஆயுள் கணக்கு. தூசி தட்டும்போதெல்லாம் பிடுங்க வேண்டாம். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எச்டபிள்யூ-இன்ஃபோ என்ற அளவு காட்டும் மென்பொருளில் 16 பின் வோல்டேஜ் என்று ஒரு வரி வரும். சும்மா இருக்கும்போதும் முழு லோடிலும் குறித்து வையுங்கள். அந்த இறக்கம் மாதங்கள் போகப் போகக் கூடினால் தொடுமிடம் கெடுகிறது. ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. ஆறும் இணையாக இருப்பதால், ஒன்றிரண்டு பின் கெட்டாலும் மற்றவை ஈடு கொடுத்து எண்ணை நல்லதாகவே காட்டிவிடும். உண்மை தெரிய ஒவ்வொரு கம்பியையும் கிளாம்ப் மீட்டரால் அளக்க வேண்டும். எலக்ட்ரிக்கல் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஏசி மட்டும் அளப்பது, இங்கே அது சுழியம் காட்டும். டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் வேண்டும். மாடியில் சோலார் போடுகிறவர்களிடம் அது இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆறும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நிம்மதி. ஒன்று மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு காட்டினால் கேபிளை மாற்றுங்கள்.

இப்போது வதந்திக்கு வருகிறேன். 2022-இல் 4090 வருமுன் ஊரெல்லாம் பேசியது 600 வாட் தின்னும் என்று. வந்தது 450 வாட். அதே ஆண்டு செப்டம்பரில், கார்டுகள் மதர்போர்டில் இணையும் பிசிஐ தரத்தை வகுக்கும் அமைப்பு இந்த 16 பின் கனெக்டரில் சில தயாரிப்புகள் சூடேறுவது பற்றித் தன் உறுப்பினர்களை எச்சரித்த செய்தியும் வந்தது. அதைப் பெரிதாகக் கண்டுகொண்டவர்கள் குறைவு. அக்டோபரில் கார்டு வந்தது, அந்த மாதமே பிளக் உருகியது. சரியாகச் செருகாததே முக்கியக் காரணம் என்று என்விடியா நவம்பரில் சொன்னது. அப்புறம் பிளக் செருகியதைக் கார்டுக்குச் சொல்லும் சிறிய சென்ஸ் பின்களைக் குட்டையாக்கி, அரைகுறையாகச் செருகினால் கார்டு ஓடாதபடி 12வி-2×6 என்று திருத்தினார்கள். பங்கீட்டுக் குறையை அந்தத் திருத்தம் தொடவில்லை, 5090-இல் அது திரும்பி வந்தது.

போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கமும் இதே கதை. 2022 டிசம்பரில் 7900 எக்ஸ்டிஎக்ஸ் வந்தபோது சிப்புக்குள் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வைக்கும் ஷேடர் பிரீஃபெட்ச் வேலை செய்யவில்லை என்று வதந்தி. நிறுவனம் மறுத்தது. நிஜமாகக் கெட்டுப்போயிருந்தது கூலர். ஏஎம்டியின் சொந்த வடிவமைப்பில் வந்த கார்டுகளில் ஒரு பகுதிக்கு சூட்டைப் பரப்பும் வேப்பர் சேம்பரில் நீர் போதாமல் சிப்பின் மிகச் சூடான இடம் (ஹாட்ஸ்பாட்) 110 டிகிரி போனது. 5090, 5070 டிஐ வந்தபோது சில கார்டுகளில், பிக்சல்களை எழுதி முடிக்கும் ஆர்ஓபி என்ற உறுப்புகளில் எட்டு குறைந்திருந்தது. பாதிப்பு அரை சதவீதத்துக்கும் குறைவான கார்டுகளுக்கு, சராசரியாக 4 சதவீத வேகக் குறைவு என்று என்விடியா ஒப்புக்கொண்டது. 5080-யிலும் அது இருந்தது. ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்: ஆர்ஓபி எண்ணிக்கை 5090-க்கு 176, 5080-க்கு 112, 5070 டிஐ-க்கு 96, நம் 4070 டிஐ-க்கு 80 இருக்க வேண்டும்.

ஆகவே தம்பி, வதந்தி வந்தால் எந்தப் பாகம், எந்த நிலையில், எப்படி அளந்தார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். செப்டம்பர் எச்சரிக்கையில் பாகமும் நிலையும் இருந்தன. "சிப்பே ஃபெயிலாம்" என்பதில் எதுவும் இல்லை. புதுக் கார்டு வந்து ஒன்றரை மாதமாவது பொறுங்கள். இங்கிருந்து வாரண்டிக்குப் போனால் கார்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த் திரும்ப வாரக்கணக்காகும். முதல் வரிசையில் நின்று வாங்கி அந்தக் காத்திருப்பை நாம் சுமக்க வேண்டியதில்லை.

4070 டிஐ வாங்கலாமா? கணக்குப்படி பாதுகாப்பானது, வேகமானது, சத்தமில்லாதது. இருந்தும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அதே காசுக்கு 16 ஜிபி-யோடு, 8 பின் பிளக்கில் வரும் ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி மாடல்கள் இருக்கின்றன. 304 வாட், தாராளமான பின்கள். எல்லா மாடலும் அப்படியில்லை, சிலவற்றில் 16 பின்னே வருகிறது. பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒளி, நிழலை நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை.

செகண்ட் ஹேண்டில் 4090 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால், காசைப் பற்றிப் பேசுமுன் கார்டின் சாக்கெட்டையும் கேபிளின் முனையையும் நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு துளையின் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, வட்டமாக உப்பியிருந்தாலோ, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.