கண்ணாடி உடம்பு பேஸ்: வாங்குவதா, விடுவதா?

மூன்று தடவை போய்ப் பார்த்தாகிவிட்டது. முதல் தடவை வெறும் ஆசையோடு, இரண்டாவது தடவை டார்ச்சோடு, மூன்றாவது தடவை என் ஆம்பையே, அதாவது ஒலிபெருக்கியையே, தூக்கிக்கொண்டு. பொருள் ஆம்பெக் நிறுவனத்தின் டான் ஆர்ம்ஸ்ட்ராங் பேஸ் கிடார். உடம்பு மொத்தமும் கண்ணாடி மாதிரி ஊடே பார்க்கக்கூடிய அக்ரிலிக் பிளாஸ்டிக். வைத்திருப்பவர் என்னைவிட இருபது வயதாவது மூத்த கலைஞர். "வாசிச்சுப் பாரு தம்பி, பேரம் அப்புறம்" என்று கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். இப்படி விற்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வாசித்ததும் பேரம் பேசும் தைரியமே போய்விடுகிறது.

டான் ஆர்ம்ஸ்ட்ராங் நியூயார்க்கில் கிடார்களைப் பழுது பார்த்தும் விற்றும் வந்தவர். ஆம்பெக்குக்காக அவர் வடிவமைத்த இந்த கிடாரும் பேஸும் 1969ல் வந்தன, 1971லேயே தயாரிப்பு நின்றுபோனது. அந்த 1969ஆம் ஆண்டிலேயே ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் கையில் கிடாரும் பில் வைமன் கையில் பேஸும் ஏறிவிட்டன. விலையில் பாதி அந்தப் புகைப்படங்களுக்குத்தான் என்பது என் கணக்கு. 1998ல் ஆம்பெக்கே இதை மறுபடி தயாரித்தது. அதனால் யாராவது "பழசு" என்று சொன்னால் எந்தப் பழசு என்று கேட்டுவிடுங்கள். நான் பார்த்தது முதல் தலைமுறையைச் சேர்ந்தது.

முதலில் எடை. தண்ணீரை 1 என்று வைத்தால் அக்ரிலிக்கின் அடர்த்தி கிட்டத்தட்ட 1.2, பேஸ் உடம்புக்கு வழக்கமாகப் போடும் ஆல்டர் மரத்துக்கு 0.5க்கும் கீழே. அதாவது அதே அளவு உடம்பு என்றால் இரண்டு மடங்குக்கும் மேல் கனம். இதன் உடம்பு சின்னது, நெக் என்கிற கழுத்துப் பக்கம் இரு புறமும் ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது, அதனால்தான் தப்பித்தோம். பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டினேன், நாலரை கிலோவைத் தாண்டியது. உட்கார்ந்து வாசித்தபோது ஒன்றும் தெரியவில்லை. நின்றுகொண்டு நாற்பது நிமிடம் வாசித்தேன். இருபதாவது நிமிடத்தில் இடது தோள் முணுமுணுக்க ஆரம்பித்தது. அகலமான தோல் ஸ்ட்ராப் போட்டால் சமாளிக்கலாம். ஆனால் பழைய பிளாஸ்டிக் ஸ்ட்ராப் வேண்டவே வேண்டாம், வினைலில் இருந்து கசியும் இளக்கிப் பொருள் அக்ரிலிக்கை மெல்ல மெல்ல அரிக்கும்.

இது ஷார்ட் ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம் சுமார் 30 அங்குலம்தான். என் வழக்கமான பேஸ் 34 அங்குலம். முதல் பத்து நிமிடம் என் விரல்கள் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தாண்டித் தாண்டி விழுந்தன, கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. பழகியதும் ஒரே சுகம். மொத்தம் 24 ஃப்ரெட், கடைசி ஃப்ரெட் வரைக்கும் கை தடையில்லாமல் போகிறது. வழக்கமான பேஸ்களில் அந்த உயரத்துக்குப் போனால் மணிக்கட்டை முறுக்கிக்கொள்ள வேண்டும். குறை என்று பார்த்தால் இருப்பதிலேயே தடித்த ஈ ஸ்ட்ரிங்தான். ஷார்ட் ஸ்கேலில் இழுவிசை குறைவு, அது கொஞ்சம் தொளதொளவென்று ஆடுகிறது. பிக் என்கிற சின்னத் தகட்டைப் பிடித்துப் பலமாக அடிக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. நான் விரலால் வாசிக்கிறவன், எனக்குப் பிரச்சினையில்லை.

ஒலியைப் பற்றி ஊரெல்லாம் சொல்வது, "அக்ரிலிக் உடம்பு, அதனால் ஸ்ட்ரிங் நெடுநேரம் ஒலிக்கும்" என்பது. டான் ஆர்ம்ஸ்ட்ராங்கே இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். ஒலி நீள்வது நிஜம்தான், நானும் கேட்டேன். ஆனால் முழுப் பெருமையையும் பிளாஸ்டிக்குக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. நெக் நல்ல கெட்டியான மேப்பிள், உடம்போடு இறுக்கமாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. நன்றாகச் செய்த எந்த பேஸிலும் இந்தப் பலன் கொஞ்சமாவது கிடைக்கும். என்னை உண்மையில் மயக்கியது பிக்கப், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி. இரண்டு காயில்களை (கம்பிச் சுருள்களை) ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். குமிழைத் திருப்பினால் ஒலி ஒரு காயிலில் இருந்து இன்னொன்றுக்கு நகர்கிறது. ஒரு கோடியில் இருண்ட, கொழுத்த, கிட்டத்தட்டச் சேறு மாதிரி அடிநாதம். மறு கோடியில் பியானோவின் கீழ்க்கட்டைகளை நினைவூட்டும் தெளிவு. குமிழை நடுவில் நிறுத்தி, என் ஆம்பில் மிட்டை, அதாவது நடுத்தர ஒலியை, சற்றே ஏற்றியபோது வந்த ஒலிக்காகத்தான் மூன்றாவது தடவையும் போனேன்.

உடம்பில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜ் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்ட்ரிங்குகள் உட்காரும் சேடில் ரோஸ்வுட்டில் ஒரே துண்டாகச் செய்தது, அதனால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனித்தனியாக இன்டோனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி, சரிசெய்ய வழியில்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டைத் தாண்டி ஏ ஸ்ட்ரிங்கின் சுருதி ட்யூனரில் லேசாக ஏறிக் காட்டியது. காதுக்குப் பெரிதாக உறுத்தவில்லை. ஆனால் ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் கேட்கும்.

இரண்டாவது தடவை டார்ச்சோடு போனேன் என்றேன் அல்லவா. ஊடே பார்க்கக்கூடிய உடம்பு என்பதால் எல்லாம் கண்ணில் பட்டுவிடும் என்று நினைப்போம், அது தப்பு. நேராகப் பார்த்தால் வெளிச்சம் பாட்டுக்கு ஊடுருவிப் போய்விடும், விரிசல் தெரியவே தெரியாது. டார்ச்சை உடம்பின் விளிம்பில் வைத்துப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அப்போது விரிசல் இருந்தால் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். அப்படிப் பார்த்தபோது நெக் உட்காரும் குழிக்குப் பக்கத்தில், ஒரு ஸ்க்ரூ துளையில் இருந்து நகத்துண்டு நீளத்துக்கு ஒரு கோடு மின்னியது. கீறலா, விரிசலா? நகத்தால் தடவினேன், மேற்பரப்பில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்படியானால் உள்ளே.

அக்ரிலிக்கில் கீறல் விழுந்தால் கவலையில்லை, பொறுமையும் பிளாஸ்டிக் பாலிஷும் இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். விரிசல் வேறு கதை. வெயிலிலும் குளிரிலும் அக்ரிலிக் மரத்தைவிட அதிகமாக விரிந்து சுருங்கும், ஸ்க்ரூவை யாராவது வெறியோடு முறுக்கியிருந்தால் அந்த அழுத்தமெல்லாம் துளையின் ஓரத்தில்தான் இறங்கும். அதோடு யாராவது ஸ்பிரிட்டாலோ ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தாலோ துடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், மயிரிழை வலையாகப் பரவிவிடும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். துடைத்த மறு நிமிடமே நிலைமின்னால் தூசி திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது தனி வேதனை. விரல் ரேகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாசித்து முடித்தால் காவல்துறைக்குக் கொடுக்கலாம் போல இருக்கிறது.

"நெக்கைக் கழற்றிப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஐம்பது வருஷத்துக்கு மேல ஆன ஸ்க்ரூ தம்பி, எதுக்குத் தொடணும்?" அவர் பயமும் நியாயம்தான். ஆனால் கழற்றாமல் அந்தக் கோடு எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியாது, அது தெரியாமல் இவ்வளவு பணம் போடவும் முடியாது.

மேடையில் நின்றுகொண்டு மூன்று மணி நேரம் வாசிக்க ஒரே ஒரு பேஸ் தேடுகிறீர்கள் என்றால் இதைத் தொடாதீர்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்க என்றால் 1998க்குப் பிறகு வந்ததே போதும், தூரத்தில் இருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உட்கார்ந்து ரெக்கார்டிங் செய்கிறவருக்கு, ஷார்ட் ஸ்கேல் பிடித்தவருக்கு, அந்த அடுக்கு பிக்கப்பின் ருசி தெரிந்தவருக்கு இது பொருந்தும். பட்டியலைப் படித்துப் பார்த்தால் அது நான்தான், அதுதான் தொல்லை.

நேற்று இரவு அவரே போன் செய்தார். தெரிந்த ரிப்பேர்க்காரரை வைத்து ஞாயிற்றுக்கிழமை நெக்கைக் கழற்றப் போகிறாராம், நானும் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். விரிசல் துளையைத் தாண்டி ஓடியிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று வீட்டில் சத்தியம் செய்திருக்கிறேன். ஷார்ட் ஸ்கேல் ஸ்ட்ரிங் ஒரு செட் வாங்கிப் பையில் வைத்திருப்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.