அலுவலக லேப்டாப் வாரண்டி: டெல், எச்பி, லெனோவோ, ஆப்பிள் ஒப்பீடு

கொட்டேஷனில் "3 வருட வாரண்டி" என்று இருந்தால், ஆள் தேடி வருவாரா, நாம் சுமந்துகொண்டு போக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். லெனோவோவின் அலுவலக வரிசையான திங்க்பேடில்கூட பல மாடல்களின் அடிப்படை வாரண்டி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும் வகைதான். ஆன்சைட் (ஆள் நம் இடத்துக்கே வந்து சரிசெய்வது) வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும். கூடுதலாக வாங்கும் சப்போர்ட் திட்டங்களில் டெல் புரோசப்போர்ட், லெனோவோ பிரீமியர், எச்பி கேர் பேக்கில் அதற்கு இணையான நிலை, இவை மூன்றுக்கும் காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அடிமட்டத் திட்டங்களில்தான் வித்தியாசம் தெரியும்.

ஆன்சைட் திட்டங்களில் ஆள் வருவதாகச் சொல்லும் "அடுத்த வேலைநாள்" என்பது புகார் கொடுத்த நேரத்திலிருந்து ஓடாது. போனில் பரிசோதனை முடிந்து, இன்ன பார்ட் போயிருக்கிறது என்று முடிவான பிறகே ஓடும். அதனால் கூப்பிடும் முன்பே உள்ளமைந்த டெஸ்ட்டை ஓட்டிவிடுங்கள். ஆன் செய்யும்போது டெல்லில் எஃப்12 தட்டி டயக்னாஸ்டிக்ஸ், எச்பியில் எஃப்2, திங்க்பேடில் எஃப்10. எச்பி தரும் 24 இலக்க ஃபெயிலியர் ஐடியை (பழுதைக் குறிக்கும் குறியீடு) சொன்னால் பாதிப் பேச்சு மிச்சம்.

அதிகம் ஏமாறுவது பேட்டரியில். லேப்டாப்புக்கு 3 வருடம் இருந்தாலும் பேட்டரிக்குப் பொதுவாக 1 வருடம்தான். எச்பியில் 'லாங் லைஃப்' பேட்டரி உள்ள மாடல்களுக்கு, லேப்டாப்பின் வாரண்டியைப் பொறுத்து 3 வருடம் வரை கிடைக்கும். லெனோவோவில் பிரீமியர் சப்போர்ட் பிளஸ் எடுத்தால் பேட்டரி, கைத்தவறிய சேதம், மாற்றும்போது பழைய டிரைவை (தரவு இருக்கும் பாகம்) திருப்பித் தராமல் நாமே வைத்துக்கொள்வது மூன்றும் உள்ளடக்கம். டெல் புரோசப்போர்ட் பிளஸ்ஸில் கடைசி இரண்டும் உண்டு. வாடிக்கையாளர் தரவு வைத்திருக்கும் அலுவலகம் டிரைவ் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

மதர்போர்டு மாற்றினால் தலைவலி வேறு. குறியாக்கச் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பும் மாறுவதால், விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் ஆள் வந்தும் பயனில்லை. ஆட்டோபைலட்டில் (அலுவலக விண்டோஸ் மெஷின்களைத் தானாக அமைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) பதிந்த மெஷின் என்றால் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். திங்க்பேடில் பயாஸ் அமைப்புகளைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்தால் போர்டையே மாற்றச் சொல்வார்கள், அந்தச் செலவு வாரண்டியில் வராது.

ஆப்பிளின் கணக்கே தனி. அடிப்படை 1 வருடம். கூடுதலாக வாங்கும் ஆப்பிள்கேர் பிளஸ் திட்டம் இருந்தால் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனதும் மாற்றித் தருவார்கள். ஆனால் மேக்புக்கில் ஸ்டோரேஜ் போர்டோடு ஒட்டியது. டிரைவை மட்டும் கழற்றிவைத்துக்கொள்ள வழியில்லை, அதனால் டிரைவைக் குறியாக்கம் செய்யும் ஃபைல்வால்ட்டை முதல் நாளே ஆன் செய்யுங்கள்.

சரக்கு வந்ததும் எல்லா சீரியல் நம்பரையும் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். டீலர் கிடங்கில் கிடந்த மாதங்களும் வாரண்டியில் கழிந்திருக்கலாம். இன்வாய்ஸைக் காட்டித் தொடக்கத் தேதியைத் திருத்தச் சொல்லுங்கள்.